கருவிக்கு வாடகை, கோப்பு யாருக்குச் சொந்தம்?

சுயதொழில் நூல் வடிவமைப்பாளரின் மென்பொருள் உரிமை குறித்து

1. கேள்வி

1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று தமிழ்ப் பதிப்புலகின் பஞ்சாங்கமாகிவிட்டது. காட்சி பொங்கலையொட்டி நடப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நூல் வடிவமைப்பாளருக்குத் தூக்கம் கிடையாது. ஏழெட்டு நூல்கள் ஒரே சமயத்தில் மெய்ப்புக்குப் போய்த் திரும்பும். பிப்ரவரியில் மேசை காலியாகும். முடித்த வேலைக்கான பணம் சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். மாதச் சம்பளம் இல்லாத இந்தத் தொழிலாளியின் தோளில் வாடகை, மின்கட்டணம், இணையக் கட்டணம் ஆகியவற்றோடு இப்போது மென்பொருள் சந்தாவும் ஏறியிருக்கிறது.

தனியாகத் தொழில் செய்பவர் தம் மென்பொருளை ஒரே விலை கொடுத்து வாங்குவது நல்லதா, மாதச் சந்தா கட்டுவது நல்லதா? இதற்கு வழக்கமாக இருவகை விடைகள் கிடைக்கின்றன. எத்தனை மாதச் சந்தா சேர்ந்தால் ஒரு முழு விலை ஆகும் என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கச் சொல்வது ஒன்று. சொந்தப் பொருளுக்கு ஈடு எதுவுமில்லை என்பது மற்றொன்று. இரண்டும் கருவியை மட்டுமே பார்க்கின்றன. வடிவமைப்பாளரின் உண்மையான சொத்து, கருவியைக் கொண்டு அவர் ஆண்டுக்கணக்கில் உருவாக்கிச் சேர்த்த கோப்புகள். வருமானமே இல்லாத ஒரு மாதத்திலும் அந்தக் கோப்புகளை அவரால் திறக்க முடிகிறதா என்பதே முதன்மையான அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சட்டம், பொருளியல், வரிக் கணக்கு, தமிழ் அச்சின் அண்மை வரலாறு ஆகிய நான்கின் வழியாகவும் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

2. கிரயமா, அனுபோகமா?

நில ஆவணங்களோடு பழகிய நமக்குக் கிரயம், ஒத்தி, குத்தகை, வாடகை ஆகியவற்றின் வேறுபாடு நன்றாகத் தெரியும். கிரயம் பெற்றவர் சொத்தை விற்கலாம், தானம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். குத்தகைக்காரர் உழுது விளைவிக்கலாம், ஆனால் மண்ணில் அவருக்குப் பாத்தியதை இல்லை. பெட்டியில் வந்த குறுந்தகட்டைக் காசு கொடுத்து வாங்கிய காலத்தில், கிரயமே முடிந்ததாக நாம் எண்ணினோம். சட்டம் அப்படி எண்ணவில்லை.

அமெரிக்காவில் ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பிரதிகளை ஒரு கட்டடக்கலை நிறுவனத்திடம் வாங்கி இணையத்தில் மறுவிற்பனை செய்த வெர்னர் என்பவருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு புகழ்பெற்றது. 2010இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கட்டடக்கலை நிறுவனம் பெற்றது உரிமம் மட்டுமே என்றும், ஆகவே மறுவிற்பனை உரிமை எழவில்லை என்றும் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் நேரெதிரான நிலையை எடுத்தது. யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில் 2012 ஜூலையில் அது வழங்கிய தீர்ப்பின்படி, கால வரம்பற்ற உரிமத்தோடு ஒரு தொகைக்கு வழங்கப்பட்ட பிரதி, இணையத்தில் பதிவிறக்கியதாகவே இருந்தாலும், விற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். முதலில் வாங்கியவர் தம் பிரதியை அழித்துவிட்டு உரிமத்தைக் கைமாற்றலாம்.

இந்தியாவில் இக்கேள்வி பெரும்பாலும் வரி வழக்குகளின் வழியாகவே நீதிமன்றம் ஏறியது. தகட்டில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதிப் பயனருக்கு மென்பொருளை வழங்கிப் பெறும் தொகை பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது என்று 2021 மார்ச்சில் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. நூலின் ஒரு படியை வாங்கியவருக்கு நூலின் பதிப்புரிமை கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் படி அவருடையது. இத்தீர்ப்புகளின் சாரம் ஏறத்தாழ இதுவே.

ஆகவே 'சொந்தமாக வாங்குதல்' என்று நாம் சொல்வது, கறாராகப் பார்த்தால், காலவரையற்ற அனுபோகம். சந்தா என்பது கால வரம்புள்ள அனுபோகம். கலிபோர்னியா மாநிலம் இந்த வேறுபாட்டை 2025 ஜனவரி முதல் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விற்பவர் பின்னால் திரும்பப் பெறக்கூடிய மின்னணுப் பொருள் ஒன்றுக்கு, அது உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்ற சொல்லை அங்கே பயன்படுத்தக் கூடாது. சொல் நேர்மையானதே தவிர உரிமை கூடவில்லை என்றாலும், இது நல்ல தொடக்கம்.

3. விற்பவர் ஏன் வாடகையை விரும்புகிறார்?

சந்தா முறையை வலைக் காலத்தின் புதுமையாகக் கருதுவோர் உண்டு. அதன் வரலாறு பழையது. அமெரிக்காவில் காலணி செய்யும் இயந்திரங்களை ஏறத்தாழ முற்றுரிமையாகக் கையில் வைத்திருந்த யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனம், முக்கியமான இயந்திரங்களை விற்காமல் நீண்ட காலக் குத்தகைக்கே கொடுத்துவந்தது. போட்டியாளர் நுழைய இது வழிவிடவில்லை என்று கண்ட நீதிமன்றம், குத்தகைக்கு விடும் இயந்திரங்களை விலைக்கும் தர வேண்டும் என்று 1953இல் ஆணையிட்டது. கணிப்பொறிகளை வாடகைக்கே விட்டுவந்த ஐபிஎம் நிறுவனமும் 1956இல் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவற்றை விலைக்கும் தர நேர்ந்தது. வாடகை மட்டுமே வழி என்ற நிலை வாடிக்கையாளரைப் பலவீனமாக்குகிறது என்பதை அந்தத் தலைமுறை நீதிபதிகளும் அரசும் கண்டிருந்தார்கள்.

இதற்கான பொருளியல் விளக்கத்தை ரொனால்ட் கோஸ் 1972இல் எழுதிய கட்டுரையில் தந்தார். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் முற்றுரிமையாளருக்கு, தாம் முன்பு விற்ற சரக்கே போட்டியாக வந்து நிற்கிறது. வாங்கியவர் மீண்டும் வாங்கத் தேவையில்லை. விலை குறையட்டும் என்று மற்றவர்களும் காத்திருக்கலாம். இந்தச் சிக்கலிலிருந்து தப்பும் வழிகளில் ஒன்று, விற்காமல் வாடகைக்கு விடுவது. மென்பொருளைப் போல் நீடித்து உழைக்கும் பொருள் வேறொன்று அரிது. அதற்குத் தேய்மானமே கிடையாது. 2003இல் கிரியேட்டிவ் சூட் தொகுப்பை அறிமுகப்படுத்திய அடோபி நிறுவனம் 2012 வரை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அது தன் முந்தைய பதிப்போடு போட்டியிட வேண்டியிருந்தது. புதியதில் தமக்கு வேண்டியது ஒன்றுமில்லை என்று கருதிய வடிவமைப்பாளர், இருப்பதைக் கொண்டு இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினார்.

2013 மே மாதம் அந்நிறுவனம் கிரியேட்டிவ் சூட்டின் வளர்ச்சியை சிஎஸ்6 பதிப்போடு நிறுத்திக்கொண்டு, இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. 2016இல் ஆட்டோடெஸ்க்கும் பெரும்பாலான மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. வாடிக்கையாளர் கையிலிருந்து அப்போது பறிபோனது காத்திருக்கும் உரிமை. வருமானம் ஏறி இறங்கும் சுயதொழிலாளிக்கு இந்த உரிமை காப்பீட்டுக்குச் சமம்: நல்ல ஆண்டில் புதுப்பிப்பார், மோசமான ஆண்டில் தள்ளிப்போடுவார்.

4. கணக்கு

சந்தா தொடங்கிய காலத்து அமெரிக்க விலைகளைக் கொண்டே ஒப்பிடுவோம். ஒரே பொருளுக்கு இரண்டு விலையும் அருகருகே இருந்த காலம் அதுதான். 2012இல் இன்டிசைன், ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் அடங்கிய சிஎஸ்6 டிசைன் ஸ்டாண்டர்டு தொகுப்பின் விலை 1,299 டாலர். எல்லா மென்பொருள்களும் அடங்கிய மாஸ்டர் கலெக்ஷன் 2,599 டாலர். ஆண்டு ஒப்பந்தத்தில் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா மாதம் 49.99 டாலர். நூல் வடிவமைப்பாளருக்கு முதல் தொகுப்பே போதும் என்றால் 26 மாதங்களில் சந்தா முழு விலையை எட்டிவிடும். ஐந்து ஆண்டு பயன்படுத்தினால் ஒருபுறம் 1,299 டாலர், மறுபுறம் ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் காணொளி, ஒலி, அசைவூட்டம் எல்லாம் செய்பவருக்குக் கணக்கு மாறும். அவருக்கு மாஸ்டர் கலெக்ஷன் விலையை எட்ட 52 மாதம் ஆகும். ஆக, 'சந்தா மலிவு', 'சந்தா கொள்ளை' என்ற இரு பொதுத் தீர்ப்புகளும் நிற்காது. தொகுப்பில் எத்தனை கருவிகளை உண்மையில் தொடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

வரியில் சந்தாவுக்குச் சலுகை உண்டு என்று அடிக்கடி சொல்லப்படுவதையும் ஆராய வேண்டும். சந்தா முழுவதும் அந்த ஆண்டின் செலவு. விலைக்கு வாங்கியது மூலதனச் சொத்து என்பதால் தேய்மானமாகவே கழியும். இது உண்மைதான். ஆனால் இந்திய வருமான வரி விதிகளில் மென்பொருளுக்கான தேய்மானம் 40 சதவீதம். 60,000 ரூபாய்க்கு வாங்கிய மென்பொருளில் முதல் ஆண்டு 24,000, அடுத்து 14,400, மூன்றாம் ஆண்டு 8,640 எனக் கழித்தால், மூன்றே ஆண்டில் 78 சதவீதம் கழிந்துவிடுகிறது. சந்தாவின் அனுகூலம் சில ஆண்டுக் காலதாமதத்தைத் தவிர்ப்பது மட்டுமே. மேலும், சிறு தொழில் செய்வோர் பலர் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகள் வகுத்த அனுமான வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்கள். வரவில் ஒரு விகிதம் லாபம் என்று எடுத்துக்கொள்ளும் அந்த முறையில் செலவும் தேய்மானமும் தனியே கழிக்கப்படுவதில்லை. அவர்களுக்கு வரி வாதம் முற்றிலும் பொருந்தாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவருக்கு, மென்பொருள் மீதான 18 சதவீத வரி திரும்ப வராத செலவு. சந்தாவில் அது மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

கணக்கில் தெரியாத இடரும் உண்டு. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பல அயல்நாட்டுச் சந்தாக்கள் தடைபட்டன. விதி வாடிக்கையாளரைக் காக்கவே வந்தது. அதன் நோக்கம் சரியானது. ஆனால் மாதந்தோறும் ஒரு வங்கி, ஓர் அட்டை, ஒரு வழங்கி மூன்றும் ஒழுங்காக இயங்கினால்தான் தன் கருவி திறக்கும் என்ற நிலைக்குத் தொழிலாளி வந்துவிட்டார் என்பதை அந்த நாள் காட்டியது. அரசியலும் குறுக்கிடலாம். அமெரிக்க அரசாணை ஒன்றைக் காட்டி வெனிசுவேலாப் பயனர்களின் கணக்குகளை முடக்கப்போவதாக 2019 அக்டோபரில் அடோபி அறிவித்தது. அம்மாத இறுதியில் அரசின் அனுமதி கிடைத்ததால் அந்த முடிவு கைவிடப்பட்டது. இடைப்பட்ட மூன்று வாரம் அந்நாட்டு வடிவமைப்பாளர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்பதைத் தொழிலில் இருப்பவர் எவரும் உணர முடியும்.

5. சந்தாவின் தரப்பு நியாயம்

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் எடைபோட வேண்டும். வாங்கிய மென்பொருள் தேயாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் மாறும். கணக்கர்களின் அனுபவம் இதற்குச் சான்று. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய டேலி கணக்கு மென்பொருளின் பழைய பதிப்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் புதிய வரிக்குரிய பட்டியலையும் அறிக்கையையும் அவற்றால் தர இயலவில்லை. சட்டத்தோடு பிணைந்த கருவிக்குப் புதுப்பிப்பு ஆடம்பரம் ஆகாது. நிரந்தர உரிமத்தோடு ஆண்டுச் சேவைக் கட்டணத்தைத் தனியே வைக்கும் டேலியின் முறை, இந்த இரட்டைத் தேவையை ஓரளவு மதிக்கிறது. கட்டணம் நின்றால் புதுப்பிப்பு நிற்கும், கையிலுள்ள பதிப்பு நிற்காது.

சொந்தம் என்று நாம் நினைத்த பொருளும் நம்மைக் கைவிடலாம். இயக்குவதற்கு வழங்கியின் ஒப்புதல் தேவைப்படும் மென்பொருளில், வழங்கி மூடினால் சொந்தமும் மூடும். சிஎஸ்2 பதிப்புக்கான வழங்கி நிறுத்தப்பட்டபோது, ஒப்புதல் தேவைப்படாத பிரதிகளை அடோபி தனியே வெளியிட வேண்டியிருந்தது. 2019இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32 பிட் நிரல்களைக் கைவிட்டதால், பழைய மென்பொருள் பலவற்றை வைத்திருந்தவர்கள் கணினியைப் புதுப்பிக்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் நின்றார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞருக்குப் பெருந்தொகை முதலீடு இல்லாமல் தொடங்கச் சந்தா வழிவிடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே சந்தா தீமை, சொந்தம் நன்மை என்று பிரித்துவிட முடியாது.

6. கோப்பு: தமிழ் அச்சின் சாட்சியம்

வாதத்தின் மையத்துக்கு வருவோம். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1994இல் அடோபியின் கைக்கு வந்தது. 2001இல் வெளியான 7.0 அதன் கடைசிப் பதிப்பு. தமிழில் டிடிபி என்ற சொல்லே பேஜ்மேக்கரோடு சேர்ந்துதான் புழங்கியது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் தமிழில் வந்த நாவல்கள், ஆய்வு நூல்கள், சிற்றிதழ்கள் பெருமளவில் அதில்தான் பக்கமாயின. எழுத்துருக்கள் 8 பிட் வகையின; ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரமாக்கியது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. அதற்குள் ஒரு தலைமுறையின் உழைப்பு பழைய கோப்புகளில் உறைந்துவிட்டது.

இங்கே ஒரு பதிப்பு மட்டும் தனித்து நிற்கிறது. பேஜ்மேக்கர் 6 முதலான கோப்புகளைத் திறக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6 வரை இருந்தது. 2013இல் வந்த சந்தாப் பதிப்பில் நீக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6இல்தான் சேர்ந்தது. பழைய கரையையும் புதிய கரையையும் ஒருங்கே தொட்ட அந்தப் பாலம், விலைக்குக் கிடைத்த கடைசிப் பதிப்பாகவும் அமைந்தது. அதன் விற்பனையும் 2017 ஜனவரியில் நின்றது.

இதன் பொருள் நடைமுறையில் என்ன? 2002இல் பேஜ்மேக்கரில் அமைத்த ஒரு நாவலுக்கு மறுபதிப்புக் கேட்டுப் பதிப்பாளர் வருகிறார் என்று கொள்வோம். சிஎஸ்6 உரிமம் கையில் உள்ளவர் கோப்பைத் திறந்து, குறியேற்றத்தை மாற்றி, மெய்ப்புக்கு அனுப்பலாம். இன்றைய சந்தா மட்டும் உள்ளவருக்கு அந்தக் கோப்பு திறக்காது. பழைய பதிப்பைச் சந்தாவில் கேட்டுப் பெறவும் இயலாது. 2019 மே முதல் அண்மைய இரு பெரும்பதிப்புகளே கிடைக்கும் என்று நிறுவனம் வரையறுத்துவிட்டது. நூலை மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்து, மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஆசிரியரே பார்த்துத் திருத்திய பாடம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. நாமோ அச்சிட்ட பழைய படியைப் பார்த்துப் புதிய பிழைகளோடு தொடங்குகிறோம். வடிவமைப்பகங்கள் சிலவற்றில் மூலையில் ஒரு பழைய கணினி இன்றும் போர்வை போர்த்தி வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய கோப்புகளுக்கு நேரும் சேதம் இத்தோடு முடியவில்லை. 2022 நவம்பரில் பான்டோன் வண்ண நூலகங்கள் அடோபி மென்பொருள்களிலிருந்து விலக்கப்பட்டபோது, அந்த வண்ணங்களைக் கொண்ட சில பழைய கோப்புகள் கறுப்பாகத் திறந்தன. டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவு 2023 ஜனவரியில் நின்றது. தானாகவே புதுப்பிக்கப்படும் கருவி பழையதைத் தானாகவே மறக்கவும் செய்யும். எதை மறப்பது என்ற முடிவில் தொழிலாளிக்கும் மொழிக்கும் குரல் இல்லை.

7. இடைவழிகள்

நம் ஊரில் இந்த விவாதம் முன்பே எழாமல் போனதற்கு ஒரு காரணம் கிராக் பிரதிகளின் புழக்கம். அது சட்டப்படி குற்றம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நூல்களின் திருட்டுப் பதிப்பைக் கண்டு கொதிக்கும் பதிப்புலகம், தன் மேசையிலேயே அதைப் பொறுத்துக்கொள்வது முறையாகாது.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. 2015இல் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்த ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம், நிரலாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் ஒரு திருத்தம் செய்தது: ஓராண்டு சந்தா கட்டியவர், பிறகு நிறுத்தினாலும் குறிப்பிட்ட ஒரு பதிப்பைக் காலமெல்லாம் பயன்படுத்தலாம். சந்தாவின் நன்மையும் அனுபோக உரிமையும் ஒன்றையொன்று விலக்கும் பண்புகள் ஆகா என்பதற்கு இது சான்று. கோரல் டிரா இன்றும் இரு முறையிலும் கிடைக்கிறது. 2014 முதல் ஒரே விலைக்கு விற்கப்பட்ட அஃபினிட்டி மென்பொருள்கள் 2024இல் கேன்வா நிறுவனத்தின் கைக்குப் போய், அடுத்த ஆண்டே கேன்வா கணக்கு வைத்திருப்போருக்கு இலவசமாயின. இலவசம் மகிழ்ச்சிதான், ஆனால் கணக்கைச் சார்ந்த இலவசம் அனுபோகத்துக்கு உறுதி தருவதாகாது.

கட்டற்ற மென்பொருள் இந்த விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்துகிறது. ஸ்கிரைபஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் போன்ற எழுத்துமுறைகளைக் கோக்கும் வசதி 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பின் வழியாக நிலைபெற்றது. உரைநடை நூல்களுக்குச் சீடெக் என்ற கட்டற்ற அச்சுக்கோப்பு நிரல் பல ஆண்டுகளாகவே கைகொடுக்கிறது. ஸ்கிரைபஸின் கோப்பு திறந்த வடிவில் உள்ள உரைதான். எந்த நிறுவனம் மூடினாலும் இன்னொருவர் அதைப் படிக்கும் நிரலை எழுதலாம். கற்கும் உழைப்பும், அச்சகத்தோடு ஒத்துப்போக வேண்டிய சிரமமும் இதில் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

8. முடிவு

சுயதொழிலாளிக்கான விடை ஒரே சொல்லில் அடங்காது. ஆனால் வரிசை தெளிவானது. கோப்பைத் திறக்கும் கருவியைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது பழைய நிரந்தர உரிமமாக இருக்கலாம், கட்டற்ற மென்பொருளாக இருக்கலாம். சட்டத்தோடும் சந்தையோடும் அடிக்கடி மாறும் கருவிக்குச் சந்தா கட்டலாம். பருவத்துக்கு மட்டும் வேண்டிய கருவியை மூன்று மாதம் வாடகைக்கு எடுக்கலாம். அதற்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். மாதம் கட்டும் ஆண்டு ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் விதிக்கும் கட்டணத்தை மறைத்ததாகக் குற்றம்சாட்டி அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் பரிந்துரைப்படி அந்நாட்டு நீதித் துறை 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்ததை நினைவில் கொள்க. எந்த வேலை முடிந்தாலும் அச்சுக்கான பிடிஎஃப், பழைய பதிப்புகளும் படிக்கும் ஐடிஎம்எல், யூனிகோடில் வெறும் உரை என மூன்று வடிவிலும் சேமிக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

தனி ஒருவரின் விழிப்பு மட்டும் போதாது. குத்தகைக்கு விட்ட இயந்திரத்தை விலைக்கும் கொடு என்று 1953இல் ஒரு நீதிமன்றம் சொல்ல முடிந்தது. சந்தா முடிந்த பின்னும், பயனர் தாம் உருவாக்கிய கோப்பைத் திறந்து பார்க்கவும் வேறு வடிவில் எடுத்துக்கொள்ளவும் வழிவிட வேண்டும் என்று இன்று நாம் கேட்பது அதைவிடச் சிறிய கோரிக்கை. பதிப்பாளர் சங்கங்களும் நூலகத் துறையும் தமிழ்க் கணிமை அமைப்புகளும் இதைச் சேர்ந்து கேட்க வேண்டும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்த வடிவத்துக்கு மாற்றும் பணியையும், அவற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் தொழிலில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

காட்சி முடிந்த பிப்ரவரியில் கையில் பணமில்லாத வடிவமைப்பாளரைத் தேடி, பழைய நூல் ஒன்றுக்கு மறுபதிப்பு வேலை வரும். அந்த வேலைதான் அடுத்த மாதத்து வாடகை. கோப்பு திறந்தால் அவர் அன்றே தொடங்கலாம்.